திங்கட்கிழமை மேடையில் பெயர் வாசிப்பது மாணவரை வளர்க்குமா?

வகுப்பாசிரியை, 9ஆம் வகுப்பு:
எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஜூன் மாதம் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், உறுதிமொழி, செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்தபின், வகுப்புக்கு இருவராகப் பத்து மாணவர்களின் பெயரை, சென்ற வாரம் அவர்கள் செய்த நற்செயல் இன்னதென்று சொல்லி வாசிக்கிறோம். அதற்கு முன்புவரை, தாமதமாக வந்தவர், சீருடை அணியாதவர் ஆகியோரின் பெயர்கள் மட்டுமே அந்த ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தன. வகுப்பறைச் சுவரில் ஒரு நட்சத்திர அட்டையும் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நட்சத்திரங்களை எண்ணுவோம். சத்துணவு வரிசையில் தினமும் நடந்த தள்ளுமுள்ளு இப்போது பெரிதும் குறைந்திருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வழிவிடுகிறார்கள். மற்ற பள்ளிகளும் இதைச் செய்யலாம் என்றே கருதுகிறேன்.

8ஆம் வகுப்பு மாணவியின் தந்தை:
உங்கள் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை, அம்மா. அந்த அட்டையைத்தான் எதிர்க்கிறேன். என் மகளின் பள்ளியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கணக்குத் தேர்வன்று பக்கத்தில் இருந்த பிள்ளைக்குத் தன் ஜியோமெட்ரி பாக்ஸைக் கொடுத்து உதவியவள், மாலையில் வீட்டுக்கு வந்ததும், "டீச்சர் யாரும் பார்க்கவே இல்லையப்பா" என்று வருந்தினாள். உதவியது அவளுக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. யாரும் பார்க்காததே துயரமாகிவிட்டது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, ஓய்வு நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. நட்சத்திரம் நற்குணத்தை வளர்ப்பதில்லை, விலைபேசுகிறது.

வகுப்பாசிரியை:
ஐயா, அதே ஆய்வில் மூன்றாவது குழு ஒன்றும் இருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. கெடுப்பது பாராட்டன்று, பேரம்தான் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். மேலும், வரைய விரும்பிய குழந்தைகளைப் பற்றிய முடிவை, வரிசையில் நிற்கவே விரும்பாத பதினான்கு வயதுப் பையன்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. தொடக்கத்தில் அவர்களுக்கு ஏதோ ஒரு தூண்டுதல் வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
இருவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது என்பதால், ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பழைய முறை செல்லும் என்று நினைக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவமானம் குறைவாகவா வலிக்கும்? தாமதமாக வந்தவர் பெயரை நிறுத்தியதே இந்த அம்மையார் செய்த பெரிய நன்மை. நான் பணியாற்றிய பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருவான். பலமுறை வெளியே நிறுத்திய பிறகுதான், விடியற்காலையில் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறேன். நேரம் தவறாமைக்கு நட்சத்திரம் கொடுக்கும் அட்டையில் அவன் பெயர் எப்போதும் கடைசியில்தான் இருந்திருக்கும். பெயர் வாசியுங்கள், அம்மா, சுவரில் வரிசைப்படுத்தாதீர்கள்.

8ஆம் வகுப்பு மாணவியின் தந்தை:
ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் வாசிப்பதைப் பற்றிய தயக்கம் எனக்கு முழுவதும் நீங்கவில்லை. ஆசிரியரின் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் பெஞ்சுதான். இதுவரை ஒருமுறைகூடப் பெயர் வாசிக்கப்படாதவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, அம்மா?

வகுப்பாசிரியை:
இன்று மாலைதான் குறிப்பேட்டைப் புரட்டி எண்ணினேன். பதினான்கு வாரங்களில் 28 முறை வாசித்திருக்கிறோம். 4 பேரின் பெயர் மும்முறை வந்திருக்கிறது. வகுப்பில் உள்ள 42 பேரில் 25 பேரின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை, அவர்களில் பெரும்பாலானோர் கடைசி மூன்று பெஞ்சுகளில் இருப்பவர்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே அட்டையைக் கழற்றிவிடுகிறேன். அந்த 25 பேரின் பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நாளை முதல், பாடம் நடத்தும்போது எங்கே நிற்பது என்பதையும் மாற்றிக்கொள்ளப்போகிறேன்.