விரலைப் பிடித்து வைத்துப் போனைத் திறக்கிறார்கள், தடுக்க வழி உண்டா?

கிளிநொச்சித் தங்கை:
வணக்கம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மாவோடு போய் வருபவள் நான். அண்ணாவின் படம், மனுக்களின் படங்கள், மற்ற அம்மாமாரின் இலக்கங்கள் எல்லாம் என் போனில்தான். அண்மையில் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது, சிவில் உடுப்பில் வந்த இருவர் எங்களோடு வந்த அக்கா ஒருவரின் பெருவிரலைப் பிடித்து அவருடைய போனில் அழுத்தினார்கள். கையை இழுக்க இழுக்க விடவில்லை. திறந்ததும் அதிலிருந்த இலக்கங்களை ஒருவர் தன் போனால் வரிசையாகப் படம் எடுத்தார். என்னிடம் சாம்சங், அம்மாவிடம் பழைய அன்ட்ரொய்ட். என்ன செய்யலாம்?

மாங்குளம் போன் கடை:
அக்கா, அப்படியான இடத்துக்குப் போகுமுன் செட்டிங்ஸில் பதிந்த விரல்களை அழித்துவிடுங்கள், முகத்தையும்தான். பின் (PIN) இலக்கம் மட்டும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து திரும்பப் பதியலாம், ஒரு நிமிட வேலை.

அவசரத்துக்கு லொக்டவுன் என்ற வசதி இருக்கிறது. 2018இல் அன்ட்ரொய்ட் 9உடன் வந்தது. சாம்சங்கில் லொக் ஸ்கிரீன் செட்டிங்ஸுக்குள் போய் அதை முதலே ஒன் பண்ணி வைக்க வேண்டும். பிறகு பவர் மெனுவில் தொட்டால் விரலும் முகமும் வேலை செய்யாது, திரையில் மெசேஜும் தெரியாது. ஆனால் ஒருமுறை பின் போட்டுத் திறந்தால் விரல் திரும்ப வேலை செய்யும், கவனம். அம்மாவின் போனில் அது இல்லாவிட்டால் ஓஃப் பண்ணச் சொல்லுங்கள். ஓஃப் பண்ணிப் போட்டால் முதலில் பின் கேட்கும், விரலை ஏற்காது.

புதுக்குடியிருப்பான்:
ஐபோன் 8 அல்லது அதற்குப் பிந்தியது வைத்திருப்பவர்களுக்கு: பக்கத்துப் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். பையுக்குள் கையை விட்டே செய்யலாம், அதிர்வு வரும். அதன்பின் பாஸ்கோட் இல்லாமல் திறக்காது.

வவுனியா ஆசிரியர்:
பிள்ளை, மெமரி கார்ட்டைப் பாருங்கள். பின் எவ்வளவு நீளமாக இருந்தாலும், சாதாரணமாகப் போட்ட கார்ட்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் படங்கள் அப்படியே தெரியும். இன்னொன்று, அடித்து மிரட்டினால் பின்னையும் சொல்ல வேண்டி வரலாம். அதனால் மற்றவர்களின் விபரம் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் போனில் இருக்கவே கூடாது. பிறந்த திகதியைப் பின்னாக வைக்காதீர்கள், அடையாள அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிளிநொச்சித் தங்கை:
நன்றி சேர். அம்மாவின் போனில் கார்ட் இருக்கிறது, அண்ணாவின் பள்ளிக்கூடப் படம்கூட அதில்தான். இன்றிரவே வீட்டுக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கார்ட்டைக் கழற்றுகிறேன். தம்பி, என் போனில் லொக்டவுன் வந்துவிட்டது. விரலை வைத்துப் பார்த்தேன், பின்தான் கேட்கிறது. மற்ற அம்மாமாரின் போன்களையும் கடைக்குக் கொண்டுவந்தால் செய்து தருவீர்களா?

மாங்குளம் போன் கடை:
கொண்டுவாருங்கள் அக்கா. காசு வேண்டாம். பின்னை மட்டும் அவர்களே போடட்டும், எனக்குச் சொல்ல வேண்டாம்.