புதுப்பிப்பு: அப்பா பற்றிய கன்ட்ரி பாடல்கள் வழியாக ஆங்கிலம்

அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புறச் சாயல் கொண்ட ஓர் இசை வகை) பாடல்களைக் கேட்டே ஆங்கிலம் கற்க முடியுமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிகிறது.

சொற்பட்டியல் மனப்பாடம் எனக்கு ஒத்துவரவில்லை. பலன் தந்தது, ஒரே பாட்டை ஒரு வாரம் கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, அப்புறம் வரிகளோடு ஒப்பிடும் யோசனை.

முதலில் பிராட் பெய்ஸ்லியின் ‘ஹி டிடின்ட் ஹேவ் டு பி’ (1999). அம்மாவை மணந்துகொண்டு, பையனுக்கும் அப்பாவாகிவிடும் ஒருவரைப் பற்றியது. ‘டிடின்ட் ஹேவ் டு’ என்றால் ‘கூடாது’ என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை, ‘கட்டாயம் இருக்கவில்லை’. அவர் அப்பாவாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை, ஆனாலும் இருந்தார். இது புரிந்த அன்று கண் கலங்கிவிட்டது. இனி அந்த இலக்கணம் மறக்காது.

அடுத்து டேரியஸ் ரக்கரின் ‘இட் வோன்ட் பி லைக் திஸ் ஃபார் லாங்’ (2008). ‘வோன்ட்’ (won't, ‘இருக்காது’), ‘வான்ட்’ (want, ‘வேண்டும்’) குழப்பம் தீர்ந்தது.

எதிர்பாராத ஒன்று: இந்தப் பாடல்களில் ‘ஏன்ட்’ (ain't, ‘இஸ்ன்ட்’ போன்றவற்றுக்குப் பதிலாக), ‘ஹி டோன்ட்’ (‘ஹி டஸின்ட்’டுக்குப் பதிலாக) போன்ற பேச்சுவழக்கு எல்லாம் அடிக்கடி வரும். பாட்டுக்கு அழகுதான், ஆனால் நேர்காணலுக்கோ கடிதத்துக்கோ சரிவராது. அவற்றைத் தனிப் பக்கத்தில் குறித்துவைக்கிறேன்.