பாரத்தை இறக்கி வைப்பது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் சிகிச்சை நீண்டுகொண்டே போகிறது. மருந்து, பணம், அலைச்சல் எல்லாம் எப்படியோ நடக்கிறது. மனசுதான் அடங்க மாட்டேன் என்கிறது. 'இனி உன் பொறுப்பு' என்று சாமியிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். விளக்கை அணைத்ததும் கை தானாகப் போனை எடுத்து, அதே ரத்தப் பரிசோதனை முடிவைத் திரும்பப் பார்க்கிறது.

சரணாகதிக்கு வைணவத்தில் இரண்டு உவமை உண்டு. வடகலையார் சொல்வது குரங்குக்குட்டி: தாயை அதுதான் இறுகப் பற்ற வேண்டும். தென்கலையார் சொல்வது பூனைக்குட்டி: தாயே கவ்விக்கொண்டு போகும். எனக்குப் பூனைக்குட்டியாக ஆசை, சுபாவமோ குரங்கு!

இதைக் கடந்தவர்கள் சொல்லுங்களேன். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, முடிவைப் பற்றிய பயத்தை மட்டும் எப்படி விட்டீர்கள்? ஜபமா, தியானமா, யாரிடமாவது பேசியதா? 'நம்பிக்கை வை' என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வராதபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.