1972 அம்பாசிடர் மார்க் 2: எஞ்சினைப் பிரித்தாயிற்று, போரிங்குக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஈரோட்டுக்காரன்:
அப்பா ஓட்டிய வண்டி. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சைலன்சரில் நீலப்புகை, சூடேறினால் ஆயில் பிரஷர் முள் படுத்துவிடுகிறது. லேத்து பட்டறையில் பிளாக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "40 சைஸ் போரிங் போட்டுவிடலாம், கிராங்கையும் கிரைண்டிங் செய்துவிடலாம்" என்கிறார்கள். அதாவது சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதாகக் குடைவது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பது. சரி என்று சொல்லிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
கண்ணால் பார்த்து 40 என்று சொன்னார்களா? பிளாக்கைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், தம்பி. போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். மேல் ரிங் ஓடும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். 20 சைஸிலேயே சுத்தமாகிவிட்டால் 40 எதற்கு? அடுத்த முறைக்கு இரும்பு மிச்சம் வேண்டாமா? பிஸ்டன் செட்டைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே போரிங்.

கிராங்க் திரும்பி வந்ததும் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். மூலை வளைவாக இருக்க வேண்டும். வெட்டினாற்போல் இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

அதைவிட முக்கியம், கழுவுவது. கிராங்கின் ஆயில் துளைக்குள் மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷை விட்டு இழுங்கள். கருப்பாகச் சேறு வரும். சாணைக்கல்லும் இரும்பும் கலந்த பொடி அது. புது பேரிங் மெட்டலைத் தின்றுவிடும். பிளாக்கில் ஆயில் கேலரி (உள்ளே ஆயில் ஓடும் வழி) அடைப்பான்களைக் கழற்றாமல் கழுவுவது குளிக்காமல் சந்தனம் பூசுவதுதான். ஹோனிங் (போரிங்குக்குப் பின் உரசுகல்லால் தேய்ப்பது) முடிந்த சிலிண்டரைச் சோப்புத் தண்ணீரில் தேயுங்கள். பெட்ரோலில் துடைத்தால் அந்தப் பொடி போகாது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்து, காய்ந்த கையோடு ஆயில் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் துரு.

மலைப்பாதை:
ஹெட்டையும் பாருங்கள். 2000-லிருந்து நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது. எக்ஸாஸ்ட் வால்வு சீட் உள்வாங்கியிருந்தால் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிரமும் தாங்காது.

பழைய ஸ்பேனர்:
சீட் நன்றாக இருந்தால் கைவைக்கத் தேவையில்லை. மெதுவாக ஓடும் வண்டிதானே.

ஈரோட்டுக்காரன்:
நன்றி அண்ணா. பின்பக்க மெயின் பேரிங்கில் ஆயில் சீலே காணவில்லையே? முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

பழைய ஸ்பேனர்:
காணாமல் போகவில்லை, இந்த மூன்று பேரிங் எஞ்சினுக்கு அங்கே சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுச் சுருள்தான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். நிறையச் சொட்டினால் முதலில் பிரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும்முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிரஷர் முள் எழும்வரை செல்ஃபில் சுற்றுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் புதிதென்றால் ஐடிலில் உறுமவிட்டு ரசிக்காதீர்கள். பிடித்தவுடன் 2000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் அங்கேயே வைத்திருங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.