கேசினோ அரங்கில் பழைய ரெக்கே-பாப் குழு: பேஸ் வேண்டும், புகார் வேண்டாம். எப்படி?

ஸ்டேஜ்பாக்ஸ்:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து கேசினோ ஒன்றின் உள்ளரங்கம். 1,500 இருக்கை, விசிறி வடிவம், கார்ப்பெட், தாழ்ந்த கூரை. எண்பதுகளில் ஹிட் கொடுத்த பிரிட்டிஷ் ரெக்கே-பாப் குழுவுக்கு எஃப்.ஓ.எச். மிக்ஸ் (பார்வையாளர் கேட்கும் ஒலிக்கலவை) என் பொறுப்பு. டிரம்ஸ், டிம்பாலே, பேஸ், இரண்டு கிட்டார், இரண்டு கீபோர்டு, மூன்று ஊதுகுழல், ஒரு முதன்மைப் பாடகர், டோஸ்டிங் (தாளத்தின் மேல் பேசுவது போலப் பாடுவது) செய்பவர் ஒருவர், பின்னணிக் குரல் இரண்டு. மொத்தம் 34 சேனல்.

பி.ஏ. (ஒலிபெருக்கி அமைப்பு) முழுக்க அரங்கத்தினுடையது. மேடையின் இடது வலது ஓரங்களில் தரையில் சப்கள் (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள்). பார்வையாளர் பகுதியின் பின்கதவைத் திறந்தால் நேரே சூதாட்டத் தளம். மேடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் இடம்தான்.

இரண்டு கேள்வி. ராக், பாப் மிக்ஸ் பழக்கம் உண்டு, ரெக்கே புதிது. லோ எண்டை (அடி அலைவெண் பகுதியை) எப்படி அமைப்பது? வெளியே சத்தம் போகிறது என்று நிர்வாகம் சப்பைக் குறைக்கச் சொன்னால் பாட்டு செத்துவிடாமல் எப்படிக் காப்பாற்றுவது?

---

ஓம்விதி:

இரண்டும் ஒரே கேள்விதான். 40 ஹெர்ட்ஸில் நிற்கிற பேஸை 80-160க்கு ஏற்றிக்கிட்டா பாட்டும் பிழைக்கும், கதவுக்கு வெளியே போறதும் குறையும்.

ஒரு சுவர் ஒலியைத் தடுக்கிற அளவு அலைவெண் இரட்டிக்க இரட்டிக்க ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். அதாவது 40 ஹெர்ட்ஸை அந்தச் சுவர் எவ்வளவு தடுக்குதோ, 160-ஐ அதைவிட 12 டெசிபெல் அதிகமாத் தடுக்கும். கார்ப்பெட்டும் குஷன் நாற்காலியும் மேல் அலைவெண்ணை விழுங்கும், அடியில இருக்கிறதைத் தொடாது. அதனாலதான் இந்த மாதிரி அரங்கில் குரல் மந்தமாவும் பேஸ் ஊளையாவும் கேட்கும். ரெக்கே பேஸ்ல நோட்டு எவ்வளவு முக்கியமோ நோட்டுக்கு நடுவில் விடுற இடைவெளியும் அவ்வளவு முக்கியம். அந்த இடைவெளியை அரங்கத்தோட 50 ஹெர்ட்ஸ் எதிரொலி நிரப்பிட்டா ரிடம் போச்சு.

பேஸ் சேனல்: டி.ஐ. (ஆம்ப் மைக் இல்லாம நேரடி இணைப்பு) மட்டும் போதும். ஹை பாஸ் (சொன்ன அலைவெண்ணுக்குக் கீழே இருக்கிறதை வெட்டுற ஃபில்டர்) 35 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு. கம்ப்ரஷன் (ஒலியோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது) 4:1, அட்டாக் 25-30 மில்லிவினாடி, ரிலீஸ் 150 பக்கம், 4-6 டெசிபெல் இறங்கினால் போதும். அப்புறம் அதே டி.ஐ.யை இன்னொரு சேனல்ல போட்டு, 80க்குக் கீழேயும் 800க்கு மேலேயும் வெட்டி, டேப் அல்லது டியூப் சாச்சுரேஷன் (ஹார்மானிக் சேர்க்கிற லேசான சிதைவு) கொடுத்து அடியில கலந்துடுங்க. சின்ன ஸ்பீக்கர்லகூட நோட்டு பிடிபடும். சப்பைக் குறைக்கச் சொல்லும்போது பாட்டைத் தூக்கி நிறுத்தறது இந்தச் சேனல்தான்.

வயசான குழுக்கள்ல ஒண்ணு கவனிக்கணும். பாடகருக்காகப் பாட்டை அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கியிருப்பாங்க. நாலு கம்பி பேஸோட அடி 'இ' நோட்டு 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை இறக்கினா 37. அஞ்சு கம்பி பேஸ்ல 'பி' 31. ரெக்கார்டுல கேட்ட கனம் பல சப்பில் வரவே வராது, நீங்க ஃபேடரை ஏத்திக்கிட்டே போவீங்க. 37க்கு அடுத்த ஹார்மானிக் 74. காது நோட்டை அங்கேதான் பிடிக்கும். எந்தெந்தப் பாட்டு எத்தனை கட்டை இறங்கியிருக்குன்னு முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.

கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்) விஷயத்துல ராக் பழக்கத்தை அப்படியே மறந்துடுங்க. ஒன் டிராப்ங்கிற ரெக்கே தாளத்துல முதல் பீட் காலி. கிக்கும் கிராஸ் ஸ்டிக்கும் (ஸ்னேர் விளிம்பில குச்சியைப் படுக்கவெச்சு மெதுவாத் தட்டுறது) சேர்ந்து மூணாவது பீட்ல விழும். அடித்தளம் பேஸோடது, கிக் அதுக்கு மேல உட்காரணும். கிக் ஹை பாஸ் 50, 90-100ல ஒரு 3 டெசிபெல் ஏத்தம், 350ல நல்லா வெட்டு. பேஸ்ல அதே 90-100ல 2 டெசிபெல் இறக்கம். ஸ்டெப்பர்ஸ் தாளம் வரும்போது கிக் நாலு பீட்லயும் அடிக்கும், அங்க கிக்கை 2 டெசிபெல் குறைக்கணும், இல்லன்னா டிஸ்கோதான்.

ஸ்னேர்ல கேட் (சின்ன ஒலியை அடைச்சுடுற கருவி) வேண்டாம். வேணும்னா ரேஞ்ச் 6-8 டெசிபெல்லோட நிறுத்துங்க. ரிம்ஷாட்டை (விளிம்போட சேர்த்துப் பலமா அடிக்கிறது) வெச்சு த்ரெஷோல்டு (கேட் திறக்கிற அளவு) அமைச்சா, கிராஸ் ஸ்டிக் பாட்டு வரும்போது கேட் திறக்கவே திறக்காது.

சப்பை கார்டியாயிட் (பின்பக்கம் ஒலி குறையிற அமைப்பு) ஆக்க அரங்கத்தார் ஒத்துக்கிட்டா அதையும் பண்ணிடுங்க. வெளியே போறது குறையும்.

---

நடுவரிசை:

ஓம்விதி சொன்ன கடைசி வரி மட்டும் இந்த அரங்குக்குப் பொருந்தாது. கார்டியாயிட் சப் தன் முதுகுப் பக்கத்துக்குப் போவதைத்தான் குறைக்கும். இங்கே முதுகுப் பக்கம் சரக்கு இறக்கும் இடம். சூதாட்டத் தளமோ சப் பார்க்கும் திசையில், பார்வையாளருக்குப் பின்னால் இருக்கிறது. மேடை மேல் முழக்கம் குறையும், அதற்காகச் செய்யலாம். கதவுப் புகாருக்கு அது மருந்தல்ல.

செய்வதானால்: 60 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 1.43 மீட்டர். பின் பெட்டியை அந்தத் தூரம் தள்ளி வைத்து, துருவம் மாற்றி, 4.2 மில்லிவினாடி தாமதம் கொடுக்க வேண்டும். தாமதத்தை முன் பெட்டிக்குக் கொடுத்தால் கார்டியாயிட் தலைகீழாகிவிடும்: பார்வையாளர் பக்கம் அடங்கி, மேடைப் பக்கம் முழங்கும்.

கதவுக்கு உண்மையான எதிரி வேறு. இடதும் வலதுமாக இரண்டு சப் குவியல் இருந்தால் இரண்டும் சரியாகக் கூடும் இடம் நடுக்கோடு. நடுப் பாதையில் பேஸ் வீங்கும், இருபக்க இருக்கைகளில் குழி விழும். பின்கதவும் நடுவில் இருந்தால் வீங்கின பேஸ் முழுவதும் நேராகக் கதவில் போய் முட்டும். பெட்டிகளை மேடை முகப்பு நெடுக ஒரே வரிசையாகப் பரப்ப முடிந்தால் இந்த வீக்கம் போய்விடும். 80 ஹெர்ட்ஸ் வரை சப் ஓடுகிறது என்றால் பெட்டிகளின் மையங்களுக்கு இடையே 2 மீட்டருக்கு மேல் விடக்கூடாது.

பெட்டிகளை நகர்த்த விடமாட்டார்கள் என்றால் (பெரும்பாலும் விடமாட்டார்கள்) சப்பைத் தனி ஆக்ஸில் (மிக்ஸரின் தனி வெளியீட்டில்) ஓட்டுங்கள். பேஸ், கிக், தேவையென்றால் கீபோர்டின் இடதுகை; வேறெதுவும் சப்புக்குள் போக வேண்டாம். டிம்பாலே, ஃப்ளோர் டாம், குரல் மைக்கில் புகும் மேடை உறுமல் எல்லாம் வெளியே நின்றாலே சப்பில் பல டெசிபெல் மிச்சமாகும்.

மீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ-எடை, சி-எடை என்பவை மீட்டர் எந்த அலைவெண்ணை எவ்வளவு கணக்கில் எடுக்கிறது என்ற இரண்டு அளவை முறைகள். ஏ-எடையில் 40 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 35 டெசிபெல் குறைத்துக் காட்டப்படும், சி-எடையில் 2 மட்டுமே. உங்கள் மிக்ஸிங் மேசையில் 95 டிபிஏ (ஏ-எடை டெசிபெல்) என்று நல்ல பிள்ளையாக இருக்கும், வெளியே பிளாக்ஜாக் மேசையில் கோப்பை அதிரும். இரண்டு எடையிலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். 15-18க்குள் இருந்தால் ரெக்கேவுக்குப் போதுமானது. 20-ஐத் தாண்டினால் அது பேஸ் அல்ல, அரங்கத்தின் ஊளை. சவுண்ட் செக்கின்போது ஒருவரை அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தி, கதவு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கதவு அமைப்பு இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்காதபடி ஊழியர்களிடம் சொல்லி வைப்பது, நீங்கள் ஈக்யூவில் (அலைவெண் சரிசெய்தலில்) செய்யும் எதைவிடவும் பலன் தரும்.

---

டேப்_எக்கோ:

லோ எண்ட் முடிஞ்சது. ரெக்கே-பாப்பில் பாதி மிக்ஸ் 200 ஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கு, அதை யாரும் தொடலையே!

ஸ்கேங்க் கிட்டார் (பீட்டுக்கு நடுவில வெட்டி வாசிக்கிறது): ஹை பாஸ் 200-250, 1.2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் ஏத்தம், கொஞ்சம் ஸ்பிரிங் ரிவர்ப். வாடகைக்கு ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் வரும், இந்தச் சத்தத்துக்கு அதுதான் சரி. ஆனா அதுல கோரஸ் போட்டா ஒரு ஸ்பீக்கர்ல வெறும் சிக்னல், மத்ததுல மட்டும் அலைவு. ஒரே ஸ்பீக்கர்ல மைக் வெச்சா கோரஸ் வராது: ஒண்ணு மொட்டையா கேட்கும், இல்ல சுருதி ஆடும். ரெண்டுக்கும் மைக் வைங்க, இல்லன்னா கோரஸை அணைக்கச் சொல்லுங்க.

ஆர்கன் பபிள் (விட்டுவிட்டுத் துள்ளி வாசிக்கிற ஆர்கன்) 250-300ல சேறாகும். அங்க 3 டெசிபெல் வெட்டி, 120க்குக் கீழ எடுத்துடுங்க. அப்போதான் பபிள் கிட்டாருக்கு நடுவுல துள்ளும். விசிறி அரங்கில் கிட்டார் முழு இடது, பியானோ முழு வலதுன்னு பிரிச்சுடாதீங்க. ஓரத்துல உட்கார்ந்தவருக்கு ஸ்கேங்க்ல பாதி கிடைக்காது. 30 சதவீதம் போதும்.

டிலே (எதிரொலி எஃபெக்ட்). 75 பி.பி.எம். (நிமிஷத்துக்கு 75 பீட்) பாட்டுக்கு கால் நோட்டு 800 மில்லிவினாடி, புள்ளி வெச்ச எட்டாம் நோட்டு 600. 90க்கு 667, 500. ரெக்கேவில் அந்த 600, 500தான் வேலை செய்யும். டெம்போவை பட்டன்ல கையால தட்டி அமைக்கும்போது ஹை-ஹேட்டைப் பார்த்துத் தட்டினா 75 பாட்டு 150 ஆகிடும், டிலே 300க்கு வந்து ஸ்கேங்க் மேலயே இடிக்கும். பாட்டு வாரியா எண்ணை எழுதி ஸீன்ல (மிக்ஸரோட சேமிச்ச அமைப்பு) சேமிச்சுடுங்க, மேடையில தட்ட வேண்டாம்.

டிலேயோட ரிட்டர்னை (திரும்பி வர்ற ஒலியை) சாதாரணச் சேனல் ஃபேடர்ல எடுங்க. ஹை பாஸ் 300, லோ பாஸ் 3 கிலோஹெர்ட்ஸ். பழைய ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோங்கிற டேப் எதிரொலிக் கருவியோட மங்கல் இதுலதான் வரும். ஃபீட்பேக் 35-40 சதவீதம். ரிட்டர்னைத் திரும்ப டிலேக்கே அனுப்பிச் சுழற்றணும்னா முதல்ல அதுல லிமிட்டர் போடுங்க. கை ஒரு விநாடி தாமதிச்சா ஓடிப்போயிடும். மானிட்டருக்கு டிலே ரிட்டர்ன் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது, டிரம்மர் தாளம் நழுவும்.

எவ்வளவு போடலாம்னா, கம்மியா. டப் (எஃபெக்ட் நிறைஞ்ச ரெக்கே வகை) முன்னோடி கிங் டப்பி ஸ்டுடியோவில் செஞ்சதை இங்க செய்ய ஆசை வரும். டிக்கெட் வாங்கினவங்க ரேடியோவில் கேட்ட பாட்டைக் கேட்க வந்திருக்காங்க. வரியோட கடைசிச் சொல்லுக்கு ஒண்ணு, பிரேக்ல ஸ்னேருக்கு ஒண்ணு, ஒரு பாட்டுக்கு மூணு நாலு தடவை. குழுவே டப் பகுதி விட்டுக் கொடுத்தா அப்போ தாராளமா விளையாடுங்க.

டோஸ்டிங் மைக்: வாய்க்கு ஒட்டிப் பிடிப்பாங்க. ஹை பாஸ் 150, கம்ப்ரஷன் 4:1. முதன்மைக் குரலோட ஈக்யூவை நகலெடுத்தா முழுக்க மந்தமாகிடும். ஊதுகுழல் மூணும் கிளிப் மைக்குன்னா பக்கத்துல வெட்ஜ் (தரையில வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர்) வைக்காதீங்க, அவங்களுக்கு இன்-இயர் (காதுக்குள்ள வைக்கிற மானிட்டர்).

---

ஸ்டேஜ்பாக்ஸ்:

மிக்க நன்றி. பின்கதவு நடுவில்தான் இருக்கிறது, நடுவரிசை சார் சொன்ன வீக்கம் அப்படியே பொருந்துகிறது. இன்னொன்று: குழு தங்கள் வயர்லெஸ் மைக்குகளை இங்கிலாந்திலிருந்து கொண்டு வருவதாக மேலாளர் எழுதியிருக்கிறார். அதில் எதாவது சிக்கல் உண்டா?

---

கேபிள்கட்டு:

பெரிய சிக்கல். பிரிட்டனில் சுற்றுப்பயணக் குழுக்கள் அதிகம் பயன்படுத்துவது சேனல் 38, 606.5 முதல் 613.5 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 608-614 ரேடியோ வானியலுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்புக் கருவிகளுக்கும் ஒதுக்கியது, மைக்குக்கு அனுமதி இல்லை. அதற்கு மேலே 600களில் பெரும்பகுதி கைப்பேசி நிறுவனங்களிடம் போய், 2020 ஜூலையோடு மைக் பயன்பாடு நின்றுவிட்டது. கருவியை ஊரிலேயே விட்டுவிட்டு, 470-608க்குள் ஓடுவதை அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். பாடகருக்குப் பழகிய மைக் தலை என்ன என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலான கையடக்கங்களில் அதை மாற்றிப் பொருத்தலாம். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று அரங்கு, விருந்துக் கூடம், காவலர் வாக்கி-டாக்கி எல்லாம் ஓடும் இடம் என்பதால் அலைவெண் பட்டியலை அரங்கத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்ப வேண்டும்.

கீபோர்டு வாடகையில் மாடல் எண்ணை ரைடரில் (குழுவின் தொழில்நுட்பத் தேவைப் பட்டியலில்) உள்ளபடியே கேளுங்கள். "அதே மாதிரி" என்று வருவதில் அவர்கள் சேமித்த ஒலிகள் திறக்கும் என்று நம்பக்கூடாது.

ரைடர் யாருடையது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூபி40 என்றால் 1978இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய குழு. முதன்மைப் பாடகர் அலி கேம்பல் 2008இல் விலகினார், 2013இல் டோஸ்டிங் செய்த ஆஸ்ட்ரோவும் விலகி அவருடன் சேர்ந்தார். இப்போது ராபின் கேம்பல் இருக்கும் யூபி40 ஒன்று, அலி கேம்பல் பெயரோடு வரும் யூபி40 இன்னொன்று. வாத்தியக்காரர்கள் வேறு, சேனல் பட்டியல் வேறு. இணையத்தில் கிடைத்த பழைய ரைடரை நிகழ்ச்சி அமைப்பாளர் அனுப்பிவிட்டால் உங்கள் ஷோ ஃபைல் (மிக்ஸரில் முன்கூட்டியே சேமித்த அமைப்பு) முழுவதும் வீண். தேதியும் குழுவின் தற்போதைய சவுண்ட் எஞ்சினியர் ஒப்புதலும் இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு பழைய குழுக்களிலும் இப்படிப் பிரிவு உண்டு.

கேசினோ தரப்பில் கவனிக்க: நேரம் 75 அல்லது 90 நிமிடம், ஒப்பந்தத்தில் எழுதியபடி. ஆட்கள் மேசைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் நீட்டிப்பை விரும்பமாட்டார்கள். கடைசி இரண்டு பாட்டும் ஹிட்டாக இருக்கும், கடிகாரம் பார்த்து நடுவில் ஒரு பாட்டை வெட்டுவார்கள். ஸீன்களை வரிசை எண்ணில் கட்டாமல் பாட்டுப் பெயரில் வைத்தால் தாவ முடியும். புகை இயந்திரம் இருந்தால் தீயணைப்பு எச்சரிக்கை அமைப்பை அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்தி வைக்க முன் அனுமதி வேண்டும், அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. உதவியாளர்களில் 21 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் சூதாட்டத் தளத்தைக் கடந்து போகக்கூடாது, சரக்கு வழியாகவே வர வேண்டும். தளத்தில் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கவும் கூடாது.

சவுண்ட் செக்கில் கிக்கைத் தனியாகப் பத்து நிமிடம் அடிக்கச் சொல்லாதீர்கள். பேஸும் டிரம்ஸும் சேர்ந்து ஒரு ஒன் டிராப் பாட்டு, ஒரு ஸ்டெப்பர்ஸ் பாட்டு, அதிகம் இறக்கிய கட்டையில் ஒன்று. இந்த மூன்றும் சரியானால் மற்றதைப் பத்து நிமிடத்தில் மேலே ஏற்றிவிடலாம். பேஸ் ஆம்ப் எட்டு ஸ்பீக்கர் அலமாரியாக இருந்தால் மேடைப் பலகையில் நேராக வைக்காமல் ரப்பர் தாங்கி போடச் சொல்லுங்கள். உள்ளே வெற்றிடமான மேடை தானே ஒரு சப்பாக ஒலிக்கும், உங்கள் ஃபேடருக்கு அது அடங்காது.