அம்மா ‘ஹார்ட்லி’ வேலை செய்கிறாராம்

குழு: நம்ம லயத்துச் சொந்தம் 🍃

திவ்யா: சித்தி, இருக்கிறீங்களா? கட்டுரையில் ‘மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதினேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டார். அம்மா பாடுபட்டு உழைக்கிறார், அதைத்தானே எழுதினேன்?

ரவி மாமா: சரிதானே மருமகளே. சொல்லின் கடைசியில் லீ (-ly) போட்டால் வினையடை. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்.

கலா சித்தி: அண்ணே, நீங்க சும்மா இருங்க. பாப்பா, நீ எழுதியதற்கு ‘அம்மா கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை’ என்றுதான் அர்த்தம் 😂

அம்மா: என்னது! மழையில் 19 கிலோ கொழுந்து நிறுத்துவிட்டு இப்போதுதான் வந்து தேத்தண்ணி ஊற்றுகிறேன்.

கலா சித்தி: ‘ஹார்ட்’ ஒரே சொல், இரண்டு வேலை செய்யும். ‘ஹார்ட் வொர்க்’ கடினமான வேலை. ‘வொர்க்ஸ் ஹார்ட்’ கடினமாக உழைக்கிறார். லீ ஒட்டினால் ‘கிட்டத்தட்ட இல்லை’ என்று வேறு சொல்லாகிவிடும். ‘லேட்லி’யும் அப்படித்தான், தாமதமாக இல்லை, அண்மைக்காலமாக. ‘ஃபாஸ்ட்’டுக்கு லீ கிடையவே கிடையாது.

திவ்யா: அப்போ எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கலா சித்தி: தமிழில் சொல்லிப் பார். ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை. மெதுவான ரயில், ‘ஸ்லோ ட்ரெயின்’. பட்டிப்பொல ஏற்றத்தில் ரயில் மெதுவாகப் போகிறது, ‘ஸ்லோலி’.

ரவி மாமா: ‘தேத்தண்ணி சூடாக இருக்கிறது.’ இதிலும் ஆக வருகிறதே. ஹாட்லியா?

கலா சித்தி: அண்ணன் இன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று கேட்டிருக்கிறார் 👏 நம் ஆட்கள் வழுக்கி விழுவது அங்கேதான். ‘இருக்கிறது’ என்று முடிந்தால் அந்த ‘ஆக’ செயலைச் சொல்லவில்லை, தேத்தண்ணியைச் சொல்கிறது. அதனால் இங்கிலீஷில் பெயரடை: ‘த டீ இஸ் ஹாட்’. மணம், ருசி, தோற்றம் சொல்லும்போதும் இதே கதை. ‘த டீ ஸ்மெல்ஸ் நைஸ்.’ சந்தேகம் வந்தால் ‘ஸ்மெல்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘இஸ்’ போட்டுப் படி. பொருந்தினால் லீ வேண்டாம்.

திவ்யா: அப்போ ‘ஷி லுக்ஸ் ஆங்க்ரி’ சரி. ‘ஷி லுக்ட் அட் மீ ஆங்க்ரிலி’?

கலா சித்தி: அதுவும் சரி. முதலாவது முகம் எப்படி இருக்கிறது என்பது. இரண்டாவது எப்படிப் பார்த்தார் என்பது.

அம்மா: இங்கே இரண்டும் நடக்கிறது.

ரவி மாமா: 😂😂 எல்ல ஊருக்கு வண்டியில் ஹயர் போனால் வெள்ளைக்காரர்கள் ‘யூ ட்ரைவ் குட்’ என்கிறார்களே?

கலா சித்தி: பேச்சில் சொல்வார்கள். இவள் பரீட்சையில் எழுதினால் புள்ளி போகும். ‘குட் ட்ரைவர்’, ஆனால் ‘ட்ரைவ்ஸ் வெல்’.

ரவி மாமா: ஃப்ரெண்ட்லி?

கலா சித்தி: லீ இருந்தும் பெயரடை. ‘ஃப்ரெண்ட்’ பெயர்ச்சொல் இல்லையா, அதோடு ஒட்டினால் பெரும்பாலும் அப்படித்தான். ‘லவ்லி’யும் அந்த ரகம்.

திவ்யா: திருத்திவிட்டேன் சித்தி. ‘மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்.’

அம்மா: சரி, எழுதியது போதும். ரொட்டி கருகுகிறது, வந்து திருப்பு. வேகமாக!

ரவி மாமா: ஃபாஸ்ட். லீ கிடையாது.