ஆடம்ஸ் ஆற்றில் சால்மன் பார்க்க எப்போது போகலாம்?

கேள்வி:
கனடாவில், வான்கூவரில் இருக்கிறோம். 2026 செப்டம்பரில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். ஆடம்ஸ் ஆற்றுக்குச் சால்மன் முட்டையிட வருவதைக் காட்ட ஆசை. ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஏமாந்துவிடக் கூடாது. எந்த வாரம் சரி? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

பதில் 1:
அக்டோபர் முதல் இரண்டு வாரம். வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. ஆற்றங்கரையில் உள்ள சூச்வெக் பூங்கா என்று விசாரியுங்கள்; 2018 வரை அதற்கு வேறு பெயர்.

பதில் 2:
ஆண்டு சரியாக அமைந்திருக்கிறது. அங்கே வரும் சாக்கை என்ற வகைச் சால்மன்கள் பெரும்பாலும் நான்கு வயதில்தான் முட்டையிடத் திரும்பும். அதனால் 2010, 2014, 2018, 2022 என்று நான்காண்டுக்கு ஒருமுறைதான் பெருங்கூட்டம்.

2018இல் அப்பாவோடு போனேன். முதலில் ஆறு சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அப்பா நகரவில்லை. கரையோரம் இருந்த பெண்மீன் ஒன்றை எனக்குக் காட்டினார். குழி பறிக்கப் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கல்லை அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அடித்து அடித்து வால் தேய்ந்து வெளுத்திருந்தது. கூன் முதுகும் கொக்கி வாயுமாக ஓர் ஆண் பக்கத்திலேயே நின்று மற்ற ஆண்களை விரட்டியது. வெகுநேரம் கழித்து இரண்டும் ஒட்டி நின்று, வாயைத் திறந்து நடுங்கின. முட்டை விழுவது அப்போதுதான். அப்புறம் பெண்மீன் சற்று மேலே போய்க் கல்லைத் தட்டிவிட்டுக் குழியை மூடியது. கடலிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர், ஃபிரேசர், தாம்சன் ஆறுகள், ஷுஸ்வாப் ஏரி தாண்டி, ஆற்றில் நுழைந்தபின் ஒன்றும் சாப்பிடாமல் வந்த மீன்!

அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள். ஒரே ஜோடியைப் பார்க்கட்டும். நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் நீருக்குள் தெளிவாகத் தெரியும்.

கேட்டவர்:
நாற்காலி எடுத்துவைக்கிறேன், நன்றி. செத்த மீன் நாற்றம் தாங்குமா?

பதில் 2:
நாற்றம் உண்டு. முட்டையிட்டபின் எல்லாமே சாகும். அந்த உடல்கள் மக்கித்தான் ஆறும் ஏரியும் செழிக்கின்றன. வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகள் ஷுஸ்வாப் ஏரியில்தான் ஓராண்டு வளரும்.

நேரம் இருந்தால் போகும்போது ஒன்றாம் நெடுஞ்சாலையில், ஃபிரேசர் ஆறு குறுகிப் பாயும் ஹெல்ஸ் கேட்டில் நிறுத்துங்கள். 1914இல் ரயில் பாதை வேலையில் பாறை சரிந்து, மீன்கள் மேலேற முடியாமல் தவித்த இடம். 1940களில்தான் மீன்கள் மேலேற மீன்வழி கட்டினார்கள். உங்கள் அம்மா பார்க்கப்போகும் மீன்களும் அதைக் கடந்துதான் வரும்.

ஒன்று மட்டும்: தண்ணீரில் யாரும் இறங்கிவிட வேண்டாம். காலடிக் கல்லுக்கு அடியில் முட்டை இருக்கும்.